மோதினாரின் கத்தியும் என் பதினொரு கோழிகளும்

எங்கள் தெருவில் அந்த வருஷத்துச் சீக்கில் உயிரோடு மிஞ்சியவை பதினொரு கோழிகள். பதினொன்றும் என்னுடையவை. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, எல்லாம் இறைவன் கருணை என்று முடித்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கருணை இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருணை எல்லா வீட்டுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. என் வீட்டில் கூடுதலாக நான் இருந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மலைக்கோட்டைக்குத் தெற்கே, பாலக்கரைக்குப் போகும் வழியில், வீட்டோடு வீடு ஒட்டிய ஒரு சின்னத் தெருவில் குடியிருந்தோம். ஆண்கள் காலைத் தொழுகை முடிந்ததும் பெரிய கடைவீதிக்குக் கடை திறக்கப் போய்விடுவார்கள். அதன்பிறகு தெருவில் மிச்சம் இருப்பது பெண்களும் கோழிகளும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு கொல்லை. கொல்லைக்கும் கொல்லைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குக் கல்லும் மண்ணுமாய் ஒரு சுவர். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரில், ஒரு மழைக்காலத்தில் நாலைந்து கல் பெயர்ந்து இடுப்பளவில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அதை யாரும் பூசவில்லை, நாங்கள் பூச விடவில்லை என்பதே சரி. பக்கத்து வீட்டுக்காரியும் நானும் நாள் முழுக்க அதன் வழியாகத்தான் பேசுவோம். ஆணம் என்று நாங்கள் சொல்லும் குழம்பு அவள் வீட்டிலிருந்து இங்கே வரும், என் வீட்டுப் பலகாரம் அங்கே போகும். கோழிகளும் அதன் வழியாகத்தான் விருந்துக்குப் போய்வரும்.

அவள் என்னைவிட மூன்று வயது இளையவள். என்னை அக்கா என்பாள். முதல் பிரசவத்தில் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரும்பாடு. இரத்தமெல்லாம் போய், எழுந்து உட்கார்ந்தால் கண் இருட்டும் நிலையில் கிடந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் மிளகு தட்டிப்போட்ட கோழிச்சாறு கொடுப்பது எங்கள் வழக்கம். அப்போது அவர்கள் வீட்டில் கோழி கிடையாது. வாங்கிவர வேண்டிய கணவர் சரக்கெடுக்க வெளியூர் போயிருந்தார். என்னிடமும் அப்போது இருந்தது ஒரே ஒரு சிவப்புப் பெட்டை, அதுவும் அடையில் உட்கார்ந்திருந்தது. முட்டைகள் பாழாகிவிடுமே என்று நான் அதை எடுக்கவில்லை. அந்த நாற்பது நாளும் வெறும் ரசத்தைக் குடித்துவிட்டுத் தேறினாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் மறக்கவில்லை.

ஆகவே அவள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே ஓட்டை வழியாகச் சொல்லிவிட்டேன். இந்த முறை நாற்பது நாளும் உனக்கு என் கோழிதான், நாலு நாளைக்கு ஒன்று என்று வைத்தாலும் பத்து வேண்டும், பத்தும் இருக்கும், நீ பிள்ளையைப் பார் என்றேன். அந்தச் சிவப்புப் பெட்டை சிவப்பியும் அதன் வழிவந்தவையுமாக அப்போது என் கொல்லையில் பதினான்கு மேய்ந்துகொண்டிருந்தன. அவளும் ஆறேழு கோழி வளர்க்கத் தொடங்கியிருந்தாள். ஆனால் அவளுக்குக் கோழிக்குத் தீனி போடத் தெரியுமே தவிர, கோழியைப் பார்க்கத் தெரியாது.

பார்ப்பது என்று ஒன்று இருக்கிறது. காலையில் கூட்டைத் திறந்ததும் எல்லோரும் அரிசிக் குறுணையைத்தான் வீசுவார்கள். நான் வீசமாட்டேன். முதலில் எது எந்த வரிசையில் வெளியே வருகிறது என்று பார்ப்பேன். முதலில் வரும் கோழி ஒருநாள் கடைசியில் வந்தால் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொள்வேன். பிறகு கூட்டுக்குள் குனிந்து எச்சத்தைப் பார்ப்பேன். நல்ல எச்சம் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். தண்ணீராக வெள்ளையும் பச்சையும் கலந்து கிடந்தால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. கொண்டையின் சிவப்பு நுனியில் கறுத்திருக்கிறதா, கழுத்துக்குக் கீழே இரைப்பையை அமுக்கினால் நேற்றைய தீனி இன்னும் கரையாமல் இருக்கிறதா, மூச்சு விடும்போது வாய் திறக்கிறதா என்று பார்ப்பேன். இத்தனையும் பார்த்த பிறகுதான் குறுணை. நான் மாமி என்று கூப்பிடுகிற என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, கூட்டைத் திறப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும் என்பார். நான் கேட்டதாகக் காட்டிக்கொண்டதில்லை.

சீக்கு மணப்பாறைச் சந்தையிலிருந்து வந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் கணவர், பிள்ளைத்தாய்ச்சி வீடாயிற்றே என்று ஆசையாக ஒரு பெரிய சேவலை வாங்கிவந்து கொல்லையில் விட்டார். நாலாம் நாள் அது இறக்கையைத் தரையில் போட்டுக்கொண்டு தூங்கி வழிந்தது. மறுநாள் அலகிலிருந்து கயிறாக எச்சில் ஒழுகியது. சுவர் ஓட்டை வழியாக அதைப் பார்த்தபோதே இது சாதாரணத் தூக்கம் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் தெருவில் யாரும் அதிகம் யோசிக்கவில்லை. அதற்கெல்லாம் எங்களிடம் காலங்காலமாக ஒரு வழி இருந்தது.

தானாகச் செத்த கோழியை நாங்கள் சாப்பிடக்கூடாது. உயிர் இருக்கும்போதே இறைவன் பெயரால் பிஸ்மி சொல்லி அறுத்தால் ஆகும். ஆகவே கோழி தலை சாய்த்தால் அடுத்த காரியம் மருந்தல்ல, மோதினாரைக் கூப்பிடுவதுதான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டு, தொழ வருகிறவர்கள் கை கால் கழுவும் ஹவுள் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு இருந்த அந்தப் பெரியவர்தான் ஆண்கள் இல்லாத நேரத்தில் வீடு வீடாகப் போய்க் கோழி அறுத்துக்கொடுப்பார். கத்தியை இடுப்பு வேட்டியில் சுற்றிக்கொண்டு, செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடிவருவார். அவர் வந்து சேர்வதற்குள் கோழி போய்விட்டால் அவர் முகம் அப்படி வாடும். அறுத்த கோழியைத் தனியாகத் தின்கிற வழக்கமும் இல்லை. சுத்தம் செய்து ஆணமாக்கி நாலு வீட்டுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்ப வேண்டும். கொடுத்தனுப்பியது வந்தால் வாங்க வேண்டும். வாங்கிய கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது, கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். இறகும் குடலும் கழுவின தண்ணீரும் கொல்லைக் குப்பையில் விழும். அதைத் தெருக்கோழி அத்தனையும் கிளறும்.

மணப்பாறைச் சேவலின் ஆணம் எங்கள் வீட்டுக்கும் வந்தது. நானும்தான் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் என் புள்ளிக்கோழி கடைசியாக வெளியே வந்தது. மடியில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கழிச்சல். மாமி உடனே மோதினாரைக் கூப்பிடச் சொன்னார், நானும் கூப்பிட்டேன். அறுத்தார், ஆக்கினேன், மூலை வீட்டுக்கு நான்தான் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். அந்த வாரமே மூலை வீட்டில் கோழிகள் தலை சாய்ந்தன. அந்த வீட்டுக் கோழிகள் போனதற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லாமல் பெருமை பேசினால் அது வெறும் வாய்ப்பந்தல்.

அதன்பிறகு தெருவே கோழி ஆணமாக மணத்தது. ஒரு நாளைக்கு மூன்று வீட்டிலிருந்து மோதினாருக்கு ஆள் போனது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், பூண்டு எல்லாம் அரைத்துப் பனைவெல்லத்தில் உருட்டி என் கோழிகளின் வாயில் திணித்தேன். என் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கம் ரோட்டில் ஜட்காக் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுவரப் போனார். குதிரை டாக்டரிடம் போய்க் கோழியைப் பற்றிக் கேட்பதா என்று அவர் கூசியதை நான் லட்சியம் செய்யவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு ஒரே ஒரு பதில் சொன்னாராம். இதற்கு மருந்து கிடையாது, ஒட்டாத கோழிக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். என் வீட்டுக்காரர் இதை ஒன்றுக்கும் உதவாத பேச்சு என்று வந்து சொன்னார். எனக்கு அன்று முழுக்க அதே வாக்கியம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டாமல் பார்ப்பதென்றால், அது எதன் வழியாக வந்து ஒட்டுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

மறுநாள் என் கோழிகளில் இன்னும் இரண்டு முடங்கின. யார் சொன்னார்களோ, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு மோதினார் கத்தியோடு வாசலில் வந்து நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டேன்.

"மோதினாரே, இந்தச் சீக்குல நீங்க முதல்ல அறுத்தது எந்த வீட்டுக் கோழி?"

"பக்கத்து வீட்டுச் சேவல்ம்மா. சந்தைச் சேவல்."

"அதுக்கப்புறம்?"

"இங்கதான். புள்ளிக்கோழி. அப்புறம் மூலை வீடு. மூலை வீட்டுலேருந்து அப்படியே எதிர் வீட்டுக்குப் போனேன்..."

அவர் ஒவ்வொரு வீடாக விரல் மடக்கினார். கதவு இடுக்கில் எனக்கு அந்தக் கை மட்டும் தெரிந்தது. ஏழாவது விரலை மடக்கினவர் அப்படியே நிறுத்திவிட்டார். பிறகு, கடைசி வீட்டில் மட்டும் கோழிகள் இன்னும் நன்றாக மேய்கின்றன என்றார். அந்த வீட்டு ஆண்பிள்ளை தானே அறுத்துக்கொள்வார், இவரைக் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டார் கொஞ்சம் ஒதுங்கினவர்கள், அவர்களுக்கு யாரும் ஆணம் அனுப்புவதும் இல்லை.

"ஹராமாப் போயிடக்கூடாதேன்னுதாம்மா நான் ஓடி ஓடி வந்தேன்" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. என் கோழியை இனி அறுக்க வேண்டாம், சீக்குக் கோழி அறுத்த காலோடு எங்கள் கொல்லைக்குள் வரவும் வேண்டாம், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். பள்ளிவாசல் ஆளை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவள் எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் கிடையாது. அவர் போகும்போது கத்தியை வேட்டியில் சுற்றவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானமே செங்கல்லும் களிமண்ணும் குழைத்துச் சுவர் ஓட்டையை அடைத்தேன். கொல்லைக்கு ஒரு படல் கட்டினேன். நல்ல கோழிகளைச் சமையலறைப் பக்கம் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தேன். முடங்கினவற்றுக்கு விறகு அறை. விறகு அறைக்குப் போய்வந்தால் கொதிக்கும் தண்ணீரும் சாம்பலும் கொண்டு கை கால் கழுவாமல் நல்ல கோழிப் பக்கம் போகமாட்டேன். சேலையையும் மாற்றுவேன். முடங்கின இரண்டும் மூன்றாம் நாள் செத்தன. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தேன். தின்கிற பண்டத்தை மண்ணில் போட்டு மூடுகிறாளே, இந்த வீட்டில் பரக்கத்தும் விருத்தியும் எப்படி நிற்கும் என்று மாமி மூன்று வேளையும் அங்கலாய்த்தார்.

ஓட்டையை ஏன் அடைத்தேன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சுவர் மேலாகச் சொன்னேன். கோழிகளுக்காக என்றேன். சரி அக்கா என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் அவளுடைய கடைசிக் கோழியும் சாய்ந்தது, அவள் கணவரே அறுத்தார். ஆணமாக்கி, அவளிடம் இருந்ததிலேயே நல்லதான நீலப் பூப்போட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி மூடி, நிறைமாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசல் வழியாகத் தானே எடுத்துவந்தாள். நான் அதை வாங்கவில்லை.

வாங்கி வைத்துவிட்டுத் தின்னாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கு யோசித்தால் அப்படித் தோன்றுகிறது. அன்று எனக்கு அந்தக் கிண்ணம் எங்கள் நிலைப்படியைத் தாண்டக்கூடாது என்பது ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மிச்சம் இருந்த கோழி அத்தனையும் அவளுக்காக வைத்திருந்தவை. வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் கட்டைக்குரல், அவசரத்தில் அது அதட்டலாக வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், திரும்பிப் போனாள். இரண்டு வீடு தள்ளி நின்ற பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

தெருவும் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டது. கோழிக்காக மனுஷரை விட்டவள் என்று பெயர் வந்தது. நான் கவலைப்படாதவள்போல் நடந்துகொண்டேன். உண்மையில் கவலைப்பட நேரமில்லை. அந்தச் சமயம் பார்த்துச் சிவப்பி முடங்கியது.

என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த கோழி அது. மற்ற அத்தனைக்கும் தாய். காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் அது எழுந்திருக்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, அலகு வானத்தைப் பார்த்தது. ஒரு கால் பின்னால் நீட்டிக் கிடந்தது. இந்த ஒன்றையாவது அறுத்துவிடேன், நல்ல கனத்த கோழி என்றார் மாமி. முடியாது என்றேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லி அறுக்கச் செய்வேன் என்றார். அறுத்தால் அந்தக் கத்தியோடு நானும் என் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். பெரிய பேச்சுதான். எனக்குக் கோபம் வந்தால் சின்னப் பேச்சு வராது.

சிவப்பிக்குத் தின்ன முடியவில்லை, தண்ணீரில் அலகை வைத்தால் தலை சுற்றி விழுந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளுக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று வீட்டில் இருந்தது, என் வீட்டுக்காரருக்கு மாமி புகட்டியது. அதில் கஞ்சித் தண்ணீரும் ஒரு கல் உப்பும் விட்டு, விறகு அறையில் கோழியைத் துணியில் சுற்றி மடியில் கிடத்தி, கழுத்தை நேராகப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். விழுங்குகிறதா என்று கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துத்தான் அடுத்த சொட்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவை. பாலாடையில் கோழிக்குப் புகட்டுகிறாள் என்று மாமி தலையில் அடித்துக்கொண்டார். அதற்கென்ன, அந்தப் பாலாடையை அதன்பின் தனியாகத்தான் வைத்தேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எனக்குப் பாலாடையைப் பிடிக்க முடியவில்லை. சாம்பல் தண்ணீரில் கழுவிக் கழுவி விரலெல்லாம் வெடித்து எரிந்தது. கஞ்சி அலகில் படாமல் என் மடியில் சொட்டியது. விறகு அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி உள்ளே வந்தார்.

"தள்ளு. பாலாடையை அப்படியா புடிக்கறது? ஒண்ணும் தெரியல உனக்கு" என்று சொல்லிவிட்டு, அவரே தரையில் உட்கார்ந்து புகட்டத் தொடங்கினார்.

அதன்பிறகு மூன்று வேளை அவர், மூன்று வேளை நான். விறகு அறையை விட்டு வெளியே வரும்போது அவரும் சாம்பல் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டார். அந்த மாதம் முழுக்க எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை.

சிவப்பி பிழைத்தது. கழுத்து மட்டும் நேராகவில்லை. சாகும்வரை உலகத்தை ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டு, அவசரப்பட்டால் ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் நேராக நடக்கும். முட்டை இடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அரைத்துத் திணித்த உருண்டைதான் காப்பாற்றியது என்று பிற்பாடு பலர் என்னிடம் பக்குவம் கேட்டார்கள். உருண்டையால் கெடுதல் இல்லை, கொடுங்கள் என்பேன். ஆனால் மற்ற பத்தையும் காப்பாற்றியது அடைத்த சுவரும் திறக்காத கதவும்தான். சிவப்பியைக் காப்பாற்றியது பாலாடை. அதற்குமேல் எனக்குத் தெரிந்த வைத்தியம் கிடையாது.

இதற்கிடையில் மோதினார் ஒரு காரியம் செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், வாயைத் திறந்து பாங்கைத் தவிர வேறொன்றும் உரக்கச் சொல்லாத அந்த மனிதர், சீக்குக் கோழியை அறுக்க இனி என்னைக் கூப்பிடாதீர்கள், நான் போன வீடெல்லாம் கோழி செத்தது, அதை ஒரு வீட்டுப் பெண்பிள்ளை சொல்லித்தான் எனக்கு விளங்கியது, புதையுங்கள் என்றாராம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். சொல்லும்போது அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. குதிரை டாக்டர் பேச்சை ஒன்றுக்கும் உதவாதது என்றவர்தானே நீங்கள் என்று நான் ஞாபகப்படுத்தினேன்.

கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் தாங்களே அறுத்துக்கொண்டார்கள். யாருக்கோ கடைசி வீட்டின்மேல் திடீரென்று பாசம் வந்து, அங்கேயும் ஒரு கிண்ணம் அனுப்பி வைத்தார்கள். பிறகு அந்த வீட்டுக் கோழிகளும் போயின. வெயில் தணிவதற்குள் தெருவில் ஒரு கூவல் கேட்டால் அது என் சேவலின் கூவல்தான் என்று ஆகிவிட்டது. சுற்றுத் தெருக்களிலும் அதே கதை. சந்தையில் கோழி வாங்க எல்லோருக்கும் பயம்.

பக்கத்து வீட்டில் பிள்ளை அழும் சத்தத்தைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்துதான் கேட்டேன். ஆண்பிள்ளை, தாயும் நலம் என்று மாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். இந்த முறையும் இரத்தம் நிறையப் போயிருக்கிறது, வெளுத்துக் கிடக்கிறாள் என்றார். நான் மோதினாருக்கு ஆள் அனுப்பினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வந்த பெரியவர், நான் ஒன்றும் சொல்லாமலே ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் காலைக் கழுவினார், கத்தியைக் கழுவினார், பிறகு உள்ளே வந்தார். பதினொன்றில் நல்ல கனத்த கோழியைப் பிடித்துக் கொடுத்தேன்.

மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு, சாறு முக்காலாகச் சுண்டும்வரை வைத்து, மாமியிடம் வாசல் வழியாகக் கொடுத்தனுப்பினேன். அந்த ஐந்து நிமிஷம் நான் அடுப்படியிலேயே நின்றேன். நான் திருப்பி அனுப்பினேன், அவளும் அனுப்பினால் நான் என்ன சொல்ல முடியும்? மாமி வெறுங்கையோடு திரும்பினார். வாங்கிக்கொண்டாள், ஒன்றும் சொல்லவில்லை என்றார். கிண்ணம் அன்று திரும்பி வரவில்லை. நாலு நாள் கழித்து இரண்டாவது கோழி, இரண்டாவது கிண்ணம். அதுவும் திரும்பவில்லை. எங்கள் தெருவில் கிண்ணம் திரும்பாமல் இருந்ததே இல்லை, அதற்கென்று ஓர் அர்த்தமும் கிடையாது, ஆகவே நானாகவே நூறு அர்த்தம் வைத்துக்கொண்டு உழன்றேன்.

பத்தாம் நாள் காலை. கூட்டைத் திறந்து எச்சம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சுவரில் சுரண்டும் சத்தம். எலி என்று நினைத்தேன். நான் வைத்த செங்கல் ஒன்று அசைந்தது. பிறகு அது பெயர்ந்து என் பக்கம் விழுந்தது, அடுத்ததும் விழுந்தது. சந்தில் ஒரு வெளுத்த கை, கையில் நீலப் பூப்போட்ட அந்தப் பீங்கான் கிண்ணம். அதில் நிறையச் சீனி.

"நாப்பது கழியாம வாசலுக்கு வரக்கூடாதுங்கறாங்க அக்கா. கொல்லைக்கு ஒண்ணும் சொல்லல" என்றாள்.

நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவளே தொடர்ந்தாள்.

"அன்னிக்கு நீ ஆணத்தை வாங்காம திருப்பினப்போ, புள்ளை தங்காதவ கையால வேணாம்னு நினைக்கிறியோன்னு நினைச்சேன். உன் மாமி நேத்துதான் சொன்னாங்க, அந்தக் கோழி எல்லாம் யாருக்குன்னு நீ எண்ணி வச்சிருந்தேன்னு."

இத்தனை நாள் அவள் அதைச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறாள். எச்சத்தைப் பார்த்து, கொண்டையைப் பார்த்து, வருகிற வரிசையைப் பார்த்துச் சீக்கு கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, கிண்ணத்தோடு திரும்பிப் போனவள் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். அடிப் பைத்தியக்காரி என்று அவளைத்தான் திட்டினேன். என் வழக்கம் அது.

மிச்சக் கல்லையெல்லாம் நானே பிடுங்கிப் போட்டேன். ஓட்டை பழைய அளவுக்கு வந்ததும் அவள் உள்ளே போய்ப் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து அதன் வழியாக நீட்டினாள். நல்ல கனம். கொண்டைபோல் உச்சியில் ஒரு கற்றை முடி. கண்ணைத் திறந்து பார்த்தது, வாயைச் சப்புக்கொட்டியது. மடியில் வைத்து நான் ஒவ்வொன்றாகப் பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்தாள். எச்சமும் பார்க்கணுமா அக்கா என்று கேட்டாள்.

அந்த நாற்பது நாளில் ஏழு கோழி அறுத்தேன்; பத்து என்றிருந்தேன், அடைக்கு நாலாவது இருக்கட்டும் என்று அவளே நிறுத்திவிட்டாள். ஒன்றுக்கும் வருத்தப்படவில்லை. மிஞ்சிய நாலில் சிவப்பியும் ஒன்று. அந்த நாலை வைத்து அடுத்த வருஷம் தெரு முழுக்க அடைமுட்டை கொடுத்தேன். என்னைக் கோழிக்காக மனுஷரை விட்டவள் என்று சொன்ன வீடுகளிலும் என் சிவப்பியின் வாரிசுகள்தான் மேய்ந்தன. அவர்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது நான் கொஞ்சம் மெதுவாகவே நடப்பேன்.

அந்தச் சீக்கில் தெருவில் மிஞ்சிய உயிர் எத்தனை என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் நான் பதினொன்று என்பேன். அவளைக் கேட்டால் மகனையும் சேர்த்துக்கொண்டு பன்னிரண்டு என்பாள்.